ஒப்பு வீடு

பொறாமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அது அடுத்தவர்களுக்கு மட்டும் வருகிற சங்கதி மாதிரியே பேசுகிறார்கள். எனக்கு வந்திருக்கிறது. வந்துவிட்டுப் போகவில்லை, வருஷக்கணக்கில் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி மேல்தான். எனக்கு ஓரகத்தி. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

முதலில் வீடு ஒன்றுதான். சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் மாமனார் கட்டியது. மகன்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனதும் கொத்தனாரைக் கூட்டிவந்து நடுவில் ஒரு சுவரை எழுப்பினார். மேற்குப் பாதி மூத்தவனுக்கு, கிழக்குப் பாதி இளையவனுக்கு. தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு அறை, அடுப்படி, பின்வாசல். அந்தப் பக்கமும் அதேதான். நூல் பிடித்து அளந்து கட்டிய சுவர் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீள அகலத்தைச் சரியாகத்தான் பிரித்தார். சூரியனைப் பிரிக்க அவரால் முடியவில்லை. காலை வெயில் முழுக்க அவள் ஜன்னலில் விழுந்தது. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டியவள் நான். அவள் அந்த வெளிச்சத்தில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் தையல்காரி. ஜாக்கெட், சுடிதார், பாவாடை, ஃபால்ஸ் அடிப்பது எல்லாம் செய்வேன். முன்னறையில்தான் மெஷின் கிடக்கிறது. வாசலுக்கு மேலே ‘லேடீஸ் டைலர்’ என்று ஒரு சின்ன போர்டு. இவர் விசைத்தறிக்குப் போகிறார். மகளை ராயகிரியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் சிவகிரிக்காரி. அறுப்பு முடிந்தால் அவளுடைய அண்ணன் வண்டியில் நெல் மூட்டை வந்து இறங்கும். எனக்குப் பிறந்த ஊர் பனவடலிசத்திரம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் அதுவும் கிடையாது. என் தம்பி வந்தால் கையை வீசிக்கொண்டு வருவான், காப்பி குடிப்பான், கையை வீசிக்கொண்டு போவான். மூட்டை இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் தம்பி மேல் கோபம் வரும். அவன் என்ன செய்வான் பாவம், வானத்தையா தைத்துக் கொடுக்க முடியும்?

கொழுந்தன் சவுதிக்குப் போனபிறகு நிலைமை இன்னும் மோசமானது. அதாவது எனக்கு. தரையில் டைல்ஸ் வந்தது. வாசலில் கிரில் கேட் வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது. பெரிய டிவி வந்தது. ஒரு நாள் லோடு ஆட்டோவில் சோபா வந்து இறங்கியது. அன்று நான் வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். துணிக்காரியிடம் எலி கடித்துவிட்டது என்று சொல்லி என் கைக்காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அந்தச் சோபாவின் விலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போதும் நினைப்பேன்.

பேச்சு நின்றது பூசணிக்காயால். வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்த கையோடு வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டாள். மீசையும் பல்லும் எழுதிய முகம். அது தெருவைப் பார்த்துத் தொங்கியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். என் வாசலைப் பார்த்துத் தொங்கியது. “காத்துல திரும்பியிருக்கும்” என்றார் இவர். எந்தக் காற்று அடித்தாலும் என் பக்கமே வந்து நிற்குமா? ஊரில் ஆயிரம் கண் இருக்க என் கண்ணுக்கு மட்டும் காவல் வைத்திருக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் வீட்டுத் தீர்வைக்காகக் கட்டடங்களைப் புதிதாக அளக்க நகராட்சி ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் லைனிங் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். தறியில் கரண்ட் இல்லாததால் இவர் வீட்டில் இருந்தார். அதுதான் விதி. அளந்தவர் முன்னறையைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். வருஷம் முழுக்கத் தறியில் நிற்கிற இவரிடம் யாரும் ஒரு கேள்வி மரியாதையாகக் கேட்டதில்லை. சார் என்று வேறு கூப்பிட்டிருக்கிறார்கள். இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“கடைங்க சார். ஊர்ல லேடீஸ் டைலர்னா எங்க கடைதான். பூ மார்க்கெட்டுப் பக்கம் இருந்துல்லாம் தேடி வாராக” என்று சொல்லியிருக்கிறார்.

அதோடு விடவில்லை. போர்டைக் காட்டி, தீபாவளிக்கு எங்கள் வாசலில் வரிசை நிற்கும் என்று வேறு சொல்லியிருக்கிறார். எங்கள் வாசலில் எந்தத் தீபாவளிக்கும் வரிசை நின்றதில்லை. நான் துணிப்பையோடு வந்ததும் இதை எல்லாம் சந்தோஷமாக என்னிடம் சொன்னார். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று காப்பி வேறு கேட்டார்.

அதே ஆட்கள் அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறார்கள். அவள் சாயங்காலம் முன்னறையில் பெஞ்ச் போட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். “பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் குடுக்கேன் சார்” என்றாளாம். வீடு என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஒரே அளவு அறை. நான் கடை, அவள் வீடு. அன்றைக்கு நான் காப்பி போடவில்லை.

கடைக்கு உள்ள தீர்வை வேறு, வீட்டுக்கு உள்ள தீர்வை வேறு. அதைக் கட்டினால் என் தையலில் மிஞ்சுவது நூல்கண்டு மட்டும்தான். கட்ட வேண்டாம் என்றால் போர்டைக் கழற்றி, மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு, ரெடிமேட் தைக்கும் இடத்தில் கூலிக்கு உட்கார வேண்டும். யாரோ வெட்டிக் கொடுப்பதை யாரோ சொல்கிறபடி அடித்துத் தள்ள வேண்டும். என் அறை வீடாக இருக்கிறவரைக்கும்தான் நான் முதலாளி. அதற்குக் கடை என்று பேர் வந்துவிட்டால் நான் கூலிக்காரி. இதை இவருக்குப் புரியவைக்க எனக்குக் குரல் கட்டிக்கொண்டது.

தீர்வை கூடிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் செய்கிற காரியம் ஆள் தேடுவது. ஆபீஸில் இருப்பவர்கள் மனு கொடுங்கள், பார்க்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்பாதவர்கள் நாங்கள்தான். மச்சானுக்கு மச்சான், கூடப் படித்தவனுடைய அத்தை மகன் என்று ஒவ்வொருவரும் ஒரு ஆளைப் பிடிப்பார்கள். உள்ளே என்ன நடந்தது, யாருக்குக் குறைந்தது, எதனால் குறைந்தது என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் அடுத்த வீட்டுக்காரனுக்குக் குறைந்திருக்கும் என்று எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான். சிவகிரி அண்ணன்காரன் ஏதோ செய்திருக்கிறான் என்று நானே ஒரு கதை கட்டி, நானே அதை நம்பியும் விட்டேன்.

அப்போதுதான் ஆபீஸுக்குப் புதிதாக வந்த அதிகாரியம்மா ஒரு மாற்றம் கொண்டுவந்தார். தீர்வைத் தகராறுகளை இனிமேல் அறைக்குள் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை, அந்தந்தத் தெருவிலேயே பந்தல் போட்டு, பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும் விசாரிக்கப்போகிறேன் என்றார். மனு போடுகிறவர் தன் தீர்வை அதிகம் என்று வெறுமனே சொன்னால் போதாது. தன் வீட்டைப் போலவே இருந்து, குறைந்த தீர்வை கட்டுகிற ஒரு வீட்டை அதே தெருவில் காட்ட வேண்டும். அதற்கு ஒப்பு வீடு என்று பேர். இரண்டையும் பார்த்து முடிவு சொல்வார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அம்மா வெளியூர். எங்கள் ஜனங்களைப் பற்றித் தெரியாது.

முதலில் பக்கத்துத் தெருவில் நடந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஓட்டுவீட்டுக்காரர் ஒருவர் எழுந்து தன் வீட்டுக்கு ஒப்பு என்று தெருமுனையில் இருந்த மாடிவீட்டைக் காட்டினார். லிஃப்ட் வைத்த வீடு. கூட்டத்தில் ஒருவர், “உம்ம வீட்டுக்கும் அதுக்கும் என்னவே ஒப்பு?” என்று கேட்டார்.

“ரெண்டு வீட்டுக்கும் வாசல் தெக்கதான இருக்கு” என்றார் ஓட்டுவீட்டுக்காரர்.

உண்மையான ஒப்பு என்ன என்பது தெருவுக்கே தெரியும். மாடிவீட்டுக்காரரும் ஓட்டுவீட்டுக்காரரும் ஒரு காலத்தில் ஒரே தறிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அடுத்து எழுந்த அம்மா தன்னுடைய சம்பந்தி வீட்டைக் காட்டினாள். கல்யாணத்தில் அவர்கள் போட்ட பந்தியில் இவளுக்கு அப்பளம் வரவில்லையாம். பெட்டிக்கடைக்காரர் சூப்பர் மார்க்கெட்டைக் காட்டினார். தன் வீட்டைப் போல இருந்த வீட்டை ஒருவர்கூடச் சொல்லவில்லை. தனக்கு எதைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அதைச் சொன்னார்கள். மனுக்களை எல்லாம் அடுக்கி வைத்தால் யாருக்கு யார்மேல் பொறாமை என்று அந்தத் தெருவின் வரைபடமே வரைந்துவிடலாம்.

கூத்து அதோடு நிற்கவில்லை. காட்டிய வீடுகளை அளந்து பார்த்ததில் சிலவற்றுக்குத் தீர்வை குறைவாகப் போட்டிருந்தது தெரிந்து, அங்கே கூட்டிவிட்டார்கள். மனு போட்டவர்களுக்குக் குறையவில்லை. அதற்காக ஒருவரும் வருத்தப்படவில்லை. அடுத்தவனுக்குக் கூடியதே போதும் என்று சிரித்துக்கொண்டு, டீக்கடையில் வடை தின்றுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் சண்டை. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் தெருவின் முறை வரட்டும், ஓரகத்தி வீட்டைக் காட்டிவிட வேண்டியதுதான் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

ஆனால் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அந்த அம்மா எங்களைப் படித்துவிட்டார். சட்டத்தைத் திருத்திவிட்டார். ஒப்பு வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, மனு போட்டவரோடு பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். இரண்டு பேரில் யாரும் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் வீட்டைப் பற்றி இவர் சொல்ல வேண்டும், இவர் வீட்டைப் பற்றி அவர் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே முடிவு. வீடு என்றால் இரண்டும் வீடு, கடை என்றால் இரண்டும் கடை. தெருவில் வந்து இதைப் படித்துக் காட்டும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “உங்க வீட்டைப் பத்திக் கேட்டா எல்லாரும் பாதிதான் சொல்றீங்க. பக்கத்து வீட்டைப் பத்திக் கேட்டா முழுசாச் சொல்றீங்க. எனக்கு முழுசா வேணும்.”

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தெருவில் என் வீட்டைப் போல இருக்கிற வீடு அவளுடையது ஒன்றுதான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவளுடையது டியூஷன் கூடம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவளும் கடையாகிவிடுவாள். அதை நினைக்க நாக்கில் இனித்தது. ஆனால் என் மெஷினும் போய்விடும். என் அறையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஊர் பார்க்க எழுந்து நின்று, அவளுடைய அறை நல்ல குடும்பம் நடத்துகிற வீடு என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். என் வாயால்.

அதுவும் அவள் வந்தால்தான். அவள் ஏன் வருவாள்? அவளுக்கு ஏற்கனவே வீடு என்று போட்டாயிற்று. வந்தால் இழக்கத்தான் முடியும்.

“போயிக் கேளு. அவ வருவா” என்றார் இவர்.

“ஒங்க வாயாலதான் இவ்வளவும் வந்தது. பேசாம இரிங்க.”

ஆனாலும் போனேன். அந்தப் பூசணிக்காய்க்குக் கீழே குனிந்து போனேன். அவள் டியூஷன் முடித்துப் பெஞ்சை நகர்த்திக்கொண்டிருந்தாள். “வாங்கக்கா” என்றாள், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளைக் கூப்பிடுகிற மாதிரி. சோபாவில் உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்பாள், அண்ணனைக் கேட்க வேண்டும் என்பாள், அவர் போனில் வரட்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

“வாரேன்க்கா. எங்கன கையெழுத்துப் போடணும்?” என்றாள்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. உதவி செய்வதில்கூட என்ன ஒரு சுளுவு! இதே அவள் வந்து என்னிடம் கேட்டிருந்தால் நான் மூன்று நாள் நடக்கவிட்டிருப்பேன். அவளால் இப்படி இருக்க முடிகிறதே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு பயமும் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டவள் அங்கே வந்து என்ன சொல்லப்போகிறாளோ?

விசாரணை அன்று தறிக்கூடத்து வாசலில் பந்தல். சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தறிகளை நிறுத்தியிருந்தார்கள். பேசினால் தெருவின் அந்த முனைவரை கேட்டது. தைக்கக் கொடுத்துவிட்டு அலைகிற பெண்கள் பாதிப்பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அக்கா, என் ஜாக்கெட் என்று ஒருத்தி அங்கேயே ஆரம்பித்தாள். இவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். இன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன். நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். ஜாக்கெட் வேறு யாரோ தைத்தது. தோள்பட்டை சரியில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு ஆறுதல்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“அவங்க முன்னறையில பெஞ்ச் இருக்கா?” என்று அதிகாரியம்மா கேட்டார்.

“இருக்கு.”

“பசங்க வர்றாங்களா?”

“வாராக.”

அதோடு நான் வாயை மூடியிருந்தால் அவள் கதை முடிந்திருக்கும். என் கதையும் முடிந்திருக்கும். ஒரு நிமிஷம் அந்தச் சோபா, நெல் மூட்டை, காலை வெயில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மூடிக்கொள், மூடிக்கொள் என்று உள்ளே ஒன்று சொன்னது. அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். நான் திறந்துவிட்டேன்.

“வாராகம்மா. ஆனா வெளக்கு வைக்கவும் போயிருவாக. போனதும் பெஞ்சைத் தூக்கிச் சொவத்துல சாச்சிருவா. சாய்க்கும்போது கீறும்னு பழைய சேலையக் கிழிச்சு முட்டுக் குடுத்திருப்பா. வெள்ளிக்கிழமைன்னா அந்த ரூமுக்குத்தான் மொதல்ல சாம்பிராணி போடுவா. ஃபிரிட்ஜு அங்கனதான் இருக்கு. டிவி அங்கனதான் இருக்கு. சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரை அண்ணன் சிவகிரியில இருந்து வந்தா மட்டும்தான் எடுப்பா. மகன் கோயமுத்தூர்ல படிக்கான். லீவுக்கு வந்தா அந்த ரூம்லதான் படுப்பான். இல்லாட்டி இவ படுப்பா, பின் ரூம்ல வெக்கை. சாப்பாடும் அங்கனதான். போனைச் சொம்புல சாச்சு வச்சுக்கிட்டு எங்க கொழுந்தன்கிட்டப் பேசிக்கிட்டே சாப்பிடுவா. அவரும் அங்க சாப்பிடுவாரு. வெண்டைக்காய்னா இவளுக்குப் பிடிக்கும், முட்டைக்கோஸ்னா தட்டுல ஒதுக்கிருவா. இம்புட்டும் நடக்க எடம் வீடு இல்லாமக் கடையா?”

கூட்டம் சிரிக்க ஆரம்பித்திருந்தது. நிறுத்த எனக்குத்தான் தெரியவில்லை. வருஷக்கணக்கில் ஜன்னல் வழியாகவும் பின்வாசல் வழியாகவும் பார்த்துப் பார்த்து உள்ளே சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. சேர்த்தது அவள் நன்றாக இருக்கட்டும் என்று இல்லை. போனைச் சாய்த்து வைத்து அவர்கள் பேசுவதைப் பார்க்கும்போது, என் புருஷன் எதிரிலேயே இருந்தும் தட்டைப் பார்த்துத்தானே சாப்பிடுகிறார் என்று எரிந்திருக்கிறேன். அத்தனை எரிச்சலும் இப்போது அவளுக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

“இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அதிகாரியம்மா.

“பக்கத்து வீடுல்லா” என்றேன். கூட்டம் மறுபடியும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவள். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். டியூஷன் எடுக்கிறவள் இல்லையா, அவசரம் இல்லாமல் பேசினாள்.

“அக்கா ரூம்ல மெஷின் இருக்கு. போர்டு இருக்கு. துணி கெடக்கு. இல்லைங்கல. ஆனா கடைன்னா ஒரு நேரத்துக்குத் தொறந்து ஒரு நேரத்துக்குச் சாத்தணும்லா. அந்த ரூமைச் சாத்தி நான் பாத்ததில்ல. பொழுது அடையப் பெரியத்தான் தறியில இருந்து வருவாக. குளிச்சிட்டு வந்து தரையில உக்காந்து, அக்கா தைச்ச ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பாக. கண்ணு சரியாத் தெரியாது, ஒண்ணு மேல ஒண்ணு கீழனு தைச்சிருவாக. அக்கா வைவாக.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. சுவரோரம் நின்ற இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னன்னு வைவாங்க?” என்றார் அதிகாரியம்மா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அதை இங்கன சொல்லக்கூடாதும்மா. நடுச்செவரு ஒத்தச் செங்கல்லு, எனக்கு அம்புட்டும் கேக்கும். அவுகளும் பதிலுக்கு ஏதாச்சும் சொல்லுவாக. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருப்பாக. பொறவு யாராச்சும் ஒராளு சிரிச்சிரும். அப்புறம் அங்கனயே உக்காந்து சாப்பிடுவாக. மொதலாளியும் வேலையாளும் இப்படியாம்மா பேசிக்கிடுவாக? புருசன் பொண்டாட்டிதான் இப்படிப் பேசுவாக. அது வீடுதாம்மா.”

தெருவே சிரித்தது. அதிகாரியம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முன்னறையும் வீடு என்று அங்கேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போர்டு இருக்கலாம், மெஷின் இருக்கலாம் என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உடம்பெல்லாம் லேசானது. ஆனால் சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஒரு முள்ளும் இருந்தது. நான் அவ்வளவு கொட்டி முழக்கியும் எழுதாத பேனா, அவள் நாலு வார்த்தை சொன்னதும் எழுதிவிட்டதே. இதிலும் அவள்தானா?

அடுத்த மனுவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தோம். இவர் தறிக்காரர்களோடு டீ குடிக்க நின்றுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏட்டி, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்த?” என்றேன். அவளை ஏட்டி என்று கூப்பிட்டே காலம் ஆகியிருந்தது.

“நீங்க மட்டும் முட்டைக்கோஸ் வரைக்கும் பாத்துருக்கீக” என்றாள்.

“நான் பாத்தேன்னா எனக்கு வயித்தெரிச்சல், பாத்தேன். ஒனக்கு என்ன வந்தது? காதைப் பொத்திக்கிட வேண்டியதுதான?”

“பொத்த மாட்டேன்க்கா. நீங்க வைய ஆரம்பிச்சதும் நான் டிவியக் கொறைச்சிருவேன்.”

“எதுக்குட்டி? வசவைக் கேக்கவா?”

அவள் கிரில் கேட்டின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“ஒங்களுக்கு வையுததுக்கு எதுத்தாப்புல ஒரு ஆளு இருக்காகல்லா. போனுல வையவா முடியும்? வஞ்சா போனை வச்சிட்டுப் போயிருவாக. பொறவு மறுநாள்தான். ஒங்க சத்தம் வரும்போது எனக்கு வயிறு எரியும்க்கா. அப்படி எரியும்.”

கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். நான் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அழுகை வந்தது. அந்த வீட்டுக்குள் வந்து இறங்கியதை எல்லாம் பார்த்திருந்தேன். இறங்காத ஆளை நான் பார்க்கவே இல்லை.

இவர் டீ குடித்துவிட்டு வந்து குளித்தார். அன்றைக்கு நல்ல உற்சாகம். நான் சொல்லாமலே முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து, மறுநாள் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு கொக்கி தைத்தார். அடுப்படியிலிருந்து வந்து பார்த்தேன். மேல் கொக்கியைக் கீழேயும் கீழ்க் கொக்கியை அதற்கும் கீழேயும் தைத்து வைத்திருந்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

“எந்தக் கண்ணை வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

மிச்ச வார்த்தைகள் எனக்கு வரவில்லை. ஜாக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கி, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.